இறந்தவர் பேரில் ஒரு சாக்கு

2020 டிசம்பரில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துப் பேஸ்பால் அணி ‘இந்தியன்ஸ்’ என்ற பெயரைக் கைவிடப்போவதாக அறிவித்தது. 2022 பருவத்திலிருந்து அது ‘கார்டியன்ஸ்’. அறிவிப்பு வந்த கையோடு பழைய ரசிகர்கள் ஒரு வாதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இன்றுவரை இறக்கிவைக்கவில்லை. ‘இந்தியன்ஸ்’ என்பது பழங்குடியினரைக் கேலி செய்த பெயரே அல்லவாம். லூயிஸ் சாகலெக்ஸிஸ் என்ற பழங்குடி வீரரைப் போற்றி 1915இல் வைத்த பெயராம். அதை நீக்கியவர்கள் அந்த மனிதரையே வரலாற்றிலிருந்து நீக்கிவிட்டார்களாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றத்தை எதிர்ப்பவரைக்கூடப் பழங்குடியினரின் நண்பராக நிறுத்திவிடும் வாதம் இது. நடுநிலையாளர்கள் பலரும் அதனால்தான் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். ஆனால் சாகலெக்ஸிஸ் ஆடிய ஆட்டத்தையும் 1915இல் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்பதில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். சாகலெக்ஸிஸ் 1871 அக்டோபர் 24 அன்று மெய்ன் மாநிலத்தில், பெனாப்ஸ்காட் ஆற்றின் நடுவே இருக்கும் இந்தியன் தீவில் பிறந்தார். பெனாப்ஸ்காட் இனத்தவர். மாசசூசெட்ஸில் உள்ள ஹோலி கிராஸ் கல்லூரிக்காக ஆடிப் பெயர் வாங்கினார். பிறகு நோட்ரடாம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சில மாதங்களிலேயே குடித்துவிட்டுச் செய்த ரகளைக்காக வெளியேற்றப்பட்டார். 1897 வசந்தத்தில் நேஷனல் லீகின் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அவர் ஆடிய இடம் அவுட்ஃபீல்டு. உயரப் பறந்து வரும் பந்தை ஓடிப் பிடிப்பதும், பிடித்ததைத் தொலைவிலிருந்து குறிபார்த்து எறிவதும் அங்கே வேலை. அதற்குக் காலும் தோளும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன.

அந்த முதல் ஆண்டில் 66 ஆட்டங்கள். மட்டைச் சராசரி .338; அதாவது நூறு வாய்ப்புக்கு ஏறக்குறைய முப்பத்து நான்கு முறை பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்ந்திருக்கிறார். ஜூலைத் தொடக்கத்தில் ஒரு கொண்டாட்ட இரவில் மாடி ஜன்னலிலிருந்து குதித்துக் கணுக்காலைக் கெடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. 1898இல் 21 ஆட்டங்கள், சராசரி .224. 1899இல் ஏழே ஆட்டங்கள். மொத்தம் 94 ஆட்டங்கள், .313. மேஜர் லீகில் அவர் ஆடியது இவ்வளவுதான்.

இனி 1915. கிளீவ்லாந்து கழகத்தின் ஊடகக் கையேட்டில் பல பத்தாண்டுகள் அச்சேறி வந்த கதைப்படி, அந்த ஆண்டு ரசிகர்களிடையே பெயர் சூட்டும் போட்டி நடந்தது; ஒரு ரசிகர் சாகலெக்ஸிஸின் நினைவாக ‘இந்தியன்ஸ்’ என்று எழுதியனுப்பினார்; அதுவே வென்றது. எலன் ஸ்டாரௌஸ்கி என்ற ஆய்வாளர் 1998இல் அக்காலச் செய்தித்தாள்களைப் புரட்டிப் பார்த்து எழுதினார். அப்படி ஒரு போட்டியே நடந்திருக்கவில்லை. கழகமும் பிறகு சத்தமில்லாமல் கையேட்டின் வாசகத்தை மாற்றிக்கொண்டது. மாற்றியதை ஊரறியச் சொல்லவில்லை என்பதால் பழைய கதை இன்றும் உலவுகிறது.

நடந்தது இதைவிடச் சாதாரணமானது. அணியின் அப்போதைய பெயர் ‘நேப்ஸ்’, நட்சத்திர வீரர் நெப்போலியன் லாஜவேயின் பெயரிலிருந்து வந்தது. 1914இல் அந்த அணி 102 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடத்துக்கு வந்தது. 1915 ஜனவரியில் லாஜவே ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். ஆள் போனபின் ஆளின் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உரிமையாளர் சார்ல்ஸ் சோமர்ஸ் நகரத்துச் செய்தித்தாள்களின் விளையாட்டு எழுத்தாளர்களை அழைத்து, வேறு பெயர் சொல்லுங்கள் என்றார். அவர்கள் சொன்னது ‘இந்தியன்ஸ்’. ஜனவரி 17 அன்று ‘பிளெயின் டீலர்’ நாளிதழ் வெளியிட்ட செய்தி, பழைய நேஷனல் லீக் அணிக்கு முன்பு வழங்கிவந்த பெயர்களுள் இதுவும் ஒன்று என்று சொல்கிறது. கூடவே, இது தற்காலிகப் பெயர்தான், அணி நன்றாக ஆடி வேறு பெயர் சம்பாதித்துக்கொள்ளக்கூடும் என்றும் சொல்கிறது. சாகலெக்ஸிஸின் பெயர் அந்தச் செய்தியில் இல்லை. ஒருவருக்கு நினைவுச்சின்னம் எழுப்புகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் எழுப்புவார்களா? அதையும் தற்காலிகமாக எழுப்புவார்களா?

‘இந்தியன்ஸ்’ என்று தோன்றுவதற்கு அந்த ஜனவரியில் வேறொரு காரணம் கண்முன்னே இருந்தது. 1914 ஜூலையில் கடைசி இடத்தில் கிடந்த பாஸ்டன் பிரேவ்ஸ் அணி, அங்கிருந்து எழுந்து அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவை நாலுக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தி உலகக் கோப்பைத் தொடரை வென்றிருந்தது. நாடே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ‘பிரேவ்ஸ்’ என்றால் பழங்குடிப் போர்வீரர்கள். கடைசி இடத்தில் கிடந்த இன்னொரு அணி மூன்று மாதங்கள் கழித்து அதே வகைப் பெயர் ஒன்றைத் தேடிக்கொண்டதற்கு அந்த வெற்றி மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் காற்றை மறந்துவிட்டு, பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய அரைப் பருவத்தை மட்டும் காரணமாகக் காட்டுகிறவர்கள் வரலாற்றைப் படிக்கவில்லை. தங்களுக்கு வேண்டியதைப் பொறுக்குகிறார்கள்.

இன்னொன்று உண்டு, இதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. சாகலெக்ஸிஸ் அந்தக் கழகத்துக்காக ஆடவே இல்லை. அவர் ஆடிய ஸ்பைடர்ஸ் வேறு நிறுவனம். அதன் உரிமையாளர்கள் 1899இல் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, நல்ல வீரர்களை எல்லாம் அங்கே கொண்டுபோனார்கள். கிளீவ்லாந்தில் மிஞ்சியவர்கள் அந்த ஆண்டு 20 ஆட்டங்களில் வென்று 134இல் தோற்றார்கள். மேஜர் லீக் வரலாற்றில் அதைவிட மோசமான கணக்கு கிடையாது. பருவம் முடிந்ததும் அணி கலைந்தது. ‘இந்தியன்ஸ்’ ஆன கழகம் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்திலிருந்து 1900இல் கிளீவ்லாந்துக்கு வந்தது. லீகும் வேறு, முதலாளியும் வேறு.

போகட்டும், ஊருக்கு ஞாபகம் இருந்திருக்கும் அல்லவா என்று கேட்பீர்கள். ஊர் தன் பழைய வீரர்களில் ஒருவரைக் கொண்டாட நினைத்திருந்தால் ஆளுக்குப் பஞ்சமில்லை. சை யங் 1890 முதல் ஒன்பது பருவங்கள் ஸ்பைடர்ஸுக்குப் பந்து வீசினார். 1909 முதல் 1911 வரை நேப்ஸ் அணிக்கும் வீசினார். மொத்தம் 511 வெற்றிகள். இன்றுவரை யாரும் நெருங்காத எண். 1915இல் அவர் உயிரோடு அதே ஒஹையோ மாநிலத்தில்தான் இருந்தார். அவர் பெயரை அணிக்கு வைக்க யாரும் நினைக்கவில்லை. 94 ஆட்டங்கள் ஆடிவிட்டு மெய்ன் மாநிலத்தில் இறந்துபோன ஒருவரைத்தான் நினைத்தார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள்.

எதிர்த்தரப்பிடம் உருப்படியான சான்று ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல் போவது நியாயமாகாது. பெயர் வெளியானதற்கு மறுநாள், ஜனவரி 18 அன்று, ‘பிளெயின் டீலர்’ தலையங்கப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதியது. அதில் சாகலெக்ஸிஸ் வருகிறார். மற்ற வீரர்களை எல்லாம் அவர் விஞ்சி நின்றதாகவும், அதனால் நாடெங்கும் ரசிகர்கள் கிளீவ்லாந்து அணியை ‘இந்தியன்ஸ்’ என்று அழைத்ததாகவும், அந்தப் பெயர் நிலைத்திருந்தவரை அணி சிறப்பாக ஆடியதாகவும், இப்போது அந்தப் பெயர் திரும்பி வருவது ஒரு பெரிய வீரரின் நினைவையும் திருப்பிக் கொண்டுவருகிறது என்றும் அது சொல்கிறது. பெயரை மரியாதை என்று வாதிடுபவர்கள் ஏறியிருக்கும் கிளை இதுதான்.

கிளை எவ்வளவு கனம் தாங்கும் என்று பார்ப்போம். சாகலெக்ஸிஸ் மற்றவர்களை விஞ்சினாரா? அதே 1897இல், அதே அணியில், அதே அவுட்ஃபீல்டில் ஆடிய ஜெஸ்ஸி பர்கெட்டின் சராசரி .383. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் பர்கெட் .400க்கு மேல் அடித்திருந்தார். பந்து வீசியவர் சை யங். அணி சிறப்பாக ஆடியதா? 69 வெற்றி, 62 தோல்வி. பன்னிரண்டு அணிகளில் ஐந்தாம் இடம். அதே அணி ‘ஸ்பைடர்ஸ்’ என்ற பெயரோடு மட்டும் இருந்த 1895இல் டெம்பிள் கோப்பையையே வென்றிருந்தது. ஆக, குறிப்பில் சோதித்துப் பார்க்கக்கூடிய இரண்டு செய்திகளும் தப்பு. சோதிக்க முடியாத மூன்றாவதை, அதாவது நோக்கத்தை, நாம் அப்படியே நம்ப வேண்டும். அதை எழுதியவர் பெயரைத் தேர்ந்தெடுத்தவரும் அல்லர். முடிந்துபோன முடிவுக்கு மறுநாள் அழகு சேர்த்தவர். கடைசியில் அவர், இறந்தவர் தம் மூதாதையரின் வேட்டைக்காட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கண்ணடித்துக்கொண்டே முடிக்கிறார். மரியாதை செய்கிறவர் தொனியா அது?

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1897இல் ஸ்பைடர்ஸை ‘இந்தியன்ஸ்’ என்று பத்திரிகைக்காரர்கள் எழுதத் தொடங்கியது இவர் வந்ததால்தான். அதில் ஐயமே இல்லை. மேலாளர் பேட்சி டெபோவின் பெயரைச் சேர்த்து ‘டெபோவின் இந்தியன்ஸ்’ என்றும் எழுதினார்கள். அப்படியானால் அடுத்த கேள்வி: அந்தப் பட்டப்பெயர் 1897இல் எதைக் குறித்தது?

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பழங்குடியினரை அமெரிக்கப் படை கொன்ற உண்டட் நீ படுகொலை நடந்து ஆறரை ஆண்டுகள்கூட ஆகவில்லை. பழங்குடியினர் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை தரும் சட்டம் 1924இல்தான் வரப்போகிறது. மெய்ன் மாநிலத்தில், ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் பழங்குடியினர் மாநிலத் தேர்தலில் வாக்களிக்க 1967 வரை காத்திருக்க வேண்டும். இந்த நாட்டில் ஒரு பழங்குடி இளைஞர் மைதானத்துக்கு வருகிறார். பார்வையாளர்கள் வாயைக் கையால் அடித்து ஊளையிடுகிறார்கள். காட்டுமிராண்டி என்று கத்துகிறார்கள். ஊர் ஊராக இதே வரவேற்பு. பத்திரிகைகள் அவர் ஆட்டத்தை எழுதும்போது தலைத்தோலும் கோடரியும் இல்லாமல் ஒரு பத்தி எழுதவில்லை. ‘இந்தியன்ஸ்’ அந்த ஊளையிலிருந்து பிறந்தது.

ஜூன் 16 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எதிரே பந்து வீசியவர் ஏமஸ் ரூசி. 1893இல் பந்து வீசும் தூரத்தை நீட்டியதற்கு இவருடைய வேகமும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். ரூசி இந்த இந்தியனை உட்காரவைப்பார் என்ற எதிர்பார்ப்பில் கூட்டம் திரண்டு வந்து ஊளையிட்டது. சாகலெக்ஸிஸ் தன் முதல் வாய்ப்பிலேயே ரூசியின் பந்தை ஹோம் ரன் அடித்தார். அவரை மதிக்க நினைப்பவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டியது இந்த அடியைத்தான். அவர்கள் தொப்பியில் போட்டுக்கொண்டது ஊளையை.

பழங்குடி வீரர்களுக்குப் பட்டம் சூட்டுவதில் அந்தக் காலத்துப் பத்திரிகைகளுக்குக் கற்பனையே கிடையாது. சார்ல்ஸ் பெண்டருக்கும் ‘சீஃப்’, ஜான் மேயர்ஸுக்கும் ‘சீஃப்’, எல்லோரும் தலைவர்கள். பெண்டர் கையெழுத்துக் கேட்பவர்களுக்குச் ‘சார்ல்ஸ் பெண்டர்’ என்றே எழுதிக் கொடுத்தார் என்பது இங்கே கவனிக்கத் தக்கது.

மரியாதைக் கதைக்குத் துணையாக வருவது குடிக்கதை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. மாபெரும் இயற்கைத் திறமை, நகரத்தின் சாராயம், இரத்தத்திலேயே இருக்கும் பலவீனம், வீழ்ச்சி. அக்காலத்து வீரர் ஹ்யூயி ஜென்னிங்ஸ் பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுக் குறிப்புகளில் இதற்கு ஒரு நாடகமே போட்டார். சிகாகோவில் கடைசி நேரத்தில் சாகலெக்ஸிஸ் அடித்து வெல்கிறார், பிறகு அரிய கேட்ச் ஒன்றும் பிடிக்கிறார், அன்றிரவு ரசிகர்கள் அவருக்கு முதன்முதலாகச் சாராயம் ஊற்றிக் கொடுக்கிறார்கள், அன்றே கெட்டார். தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஓர் ஆட்டம் கிடைக்கவில்லை. நோட்ரடாமில் அவரை வெளியேற்றியதே குடிக்காகத்தான் என்னும்போது முதல் கோப்பைக் கதை எப்படி உண்மையாகும்?

அவர் குடித்தார்; அதை மறைக்க வேண்டியதில்லை. மறுப்பதெல்லாம், அந்தக் குடிக்கு ஓர் இனத்தைப் பொறுப்பாக்கியதை. 1890களின் பேஸ்பால் குடிகாரர்களின் உலகம். அவுட்ஃபீல்டில் அவருக்கு முன்னோடியான மைக் கெல்லி குடித்தே சீரழிந்து 1894இல் முப்பத்தாறு வயதில் செத்தார். எட் டெலஹான்டி 1903இல் குடிபோதையில் ரகளை செய்து ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, நயாகரா ஆற்றின் பாலத்திலிருந்து விழுந்து இறந்தார். இருவரையும் 1945இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அவர்கள் கதை ஒரு மனிதரின் சோகமாகச் சொல்லப்படுகிறது. சாகலெக்ஸிஸின் கதை மட்டும் ஓர் இனத்தின் இயல்பாகச் சொல்லப்படுகிறது. கெட்டுப்போன கணுக்காலோடு ஓடச் சொன்னால் எந்த அவுட்ஃபீல்டரும் பந்தைத் தவறவிடுவார். அதற்கு இரத்தத்தைக் குற்றம் சொல்லத் தேவையில்லை.

அவரைப் புகழ்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. எக்காலத்துக்கும் சிறந்த வீரராக வந்திருப்பார் என்பார்கள். கல்லூரி நாளில் அவர் எறிந்த பந்தை ஹார்வர்டு பேராசிரியர்கள் அளந்தார்கள், 414 அடி என்பார்கள். 1897இல் நேஷனல் லீகின் சராசரியே .290ஐத் தாண்டியிருந்தது. பால்டிமோரின் வில்லி கீலர் அந்த ஆண்டு .424 அடித்தார். இவற்றுக்கு நடுவே .338 என்பது மிக நல்ல முதல் அரைப் பருவம். அவ்வளவுதான், அது போதும். மைதானம் முழுக்க ஊளையிட, அதன் நடுவே நின்று அடித்த .338க்கு அலங்காரம் தேவையில்லை. அளவுக்கு மீறிப் புகழ்வது எதற்குப் பயன்படுகிறது என்றால், அணிக்கே பெயர் வைக்கும் அளவுக்குப் பெரியவர் என்று நம்பவைக்கத்தான்.

மேஜர் லீகுக்குப் பிறகு அவர் நியூ இங்கிலாந்தின் சிறிய லீகுகளில் கொஞ்ச காலம் ஆடினார். பிறகு தீவுக்குத் திரும்பினார். ஓல்டு டவுனுக்கும் தீவுக்கும் இடையே படகு ஓட்டினார், உள்ளூர் ஆட்டங்களில் நடுவராக நின்றார், தீவின் பையன்களுக்குப் பேஸ்பால் கற்றுக்கொடுத்தார். 1913 டிசம்பர் 24 அன்று மரம் வெட்டும் முகாமில் இதயம் நின்று இறந்தார். வயது நாற்பத்திரண்டு. குடித்து வீழ்ந்த காட்டுமனிதர் என்ற கதையில் அந்தப் பையன்களுக்கு இடம் இல்லை. மரியாதைக் கதையிலும் இல்லை.

மரியாதைக் கதை கையேட்டில் அச்சேறிய காலத்தையும் பார்க்க வேண்டும். 1947இல் கழகம் பல்லிளிக்கும் பழங்குடிக் கேலிமுகம் ஒன்றைச் சின்னமாக்கியது. பிறகு அதற்குப் பெயர் ‘சீஃப் வாஹூ’. 1960களின் பிற்பகுதியில், பழங்குடியினரின் உரிமைக் குரல் நாடெங்கும் எழும் நேரத்தில், சாகலெக்ஸிஸ் கதை கையேட்டுக்குள் நுழைகிறது. 1972இல் ரஸல் மீன்ஸின் தலைமையில் கிளீவ்லாந்துப் பழங்குடியினர் அந்தக் கேலிமுகத்துக்காக வழக்குத் தொடுக்கிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு எதிர்ப்புக்கும் பதில் தயாராக இருந்தது: நாங்கள் உங்கள் ஆளைத்தானே போற்றுகிறோம். அவர் உயிரோடு இருந்தபோது எதையும் கொடுக்காதவர்கள், செத்தபின் அவரைச் சாட்சிக்கூண்டில் நிறுத்தினார்கள்.

கடைசி அடைக்கலமாக ஒரு பேச்சு உண்டு: கதை பொய்யாகவே இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம், அதனாலாவது அவர் பெயர் நாலு பேருக்குத் தெரிந்ததே. நஷ்டம் யாருக்கு என்று அவருடைய மக்களே சொல்லியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் பெனாப்ஸ்காட் மக்களின் நிர்வாகம், வாஹூ சின்னத்தைக் கைவிடுமாறு கிளீவ்லாந்து கழகத்தைக் கேட்டு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. சாகலெக்ஸிஸுக்கு மரியாதை செய்வதாகச் சொல்லிவந்த கழகம், 2018 பருவம் முடியும்வரை அந்த முகத்தைச் சீருடையில் வைத்திருந்தது.